ஐம்பத்தெட்டு காசு வட்டி

கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலோ மன்னார்குடி பந்தலடியிலோ வட்டியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். "ஒரு வட்டிக்குக் கிடைக்குது", "ரெண்டு வட்டி போட்டுட்டான்", "அவசரம், அஞ்சு வட்டிக்கு வாங்கினேன்" என்றுதான் பேச்சு ஓடும். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி. அந்தக் கணக்கில், வங்கியில் 7 சதவீதத்துக்குப் போடும் ஃபிக்சட் டெபாசிட் நூற்றுக்கு மாதம் 58 காசு. காவிரி டெல்டாவுக்காக முதலீடு பற்றி எழுத உட்காருகிறவர் முதலில் இந்த 58 காசுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூணு வட்டிக்குக் கடன் வாங்கிப் பழகியவருக்கு அரை வட்டிச் சொச்சம் கேலியாகப் படும். மாதம் பத்து வட்டி தருகிறேன் என்று ஒருவன் வந்து நின்றால், கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே என்று தோன்றும். நடக்கவே நடக்காது என்று தோன்றாது.

பணத்தைப் பற்றிச் சுவையாக எழுதுவது எப்படி என்று கேட்டால் பத்திரிகை அலுவலகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை மூன்று: கதை சொல்லு, சிரிக்க வை, எண்களைக் குறை. மூன்றாவது யோசனை தவறு என்பது என் கட்சி. இந்த மண்ணில் பணத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றைக் கோயில் சுவர் முதல் பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படும் நோட்டீஸ் வரை எடுத்துப் பார்த்தால், நின்று வாசிக்க வைத்தவை எண்ணை ஒளிக்கவில்லை. வாசிப்பவரின் கணக்கை அவருடைய அளவையிலேயே போட்டுக் காட்டின. அப்படிப் போட்டுக் காட்டியவர்களில் மோசடிக்காரர்களும் உண்டு என்பதுதான் சங்கடம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படையெடுப்புக்காகவும் பக்திக்காகவும் தளிச்சேரிப் பெண்டுகளுக்காகவும் பலர் வாசித்திருக்கிறார்கள். ஆனால் 1010இல் முடிந்த அந்தக் கோயிலின் சுவரில் கணிசமான இடத்தைப் பிடித்திருப்பது கொடுக்கல் வாங்கல். யார் எத்தனை காசு வைத்தார், எந்த ஊர்ச் சபை அதைப் பெற்றுக்கொண்டது, ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டில் எந்தப் போகம் முதல் பொலிசை, அதாவது வட்டி, கட்ட வேண்டும், அந்தப் பொலிசையில் எந்தத் திருமேனிக்கு என்ன வாங்க வேண்டும் என்று ஏலக்காய், கற்பூரம் வரை எழுதியிருக்கிறார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை சதவீதம். சில இடங்களில் வட்டி நெல்லாகவே வந்தது: காசுக்கு முக்குறுணி. இன்று ஒரு முதலீட்டுத் திட்டத்தின் விளக்கக் குறிப்பில் இருக்க வேண்டியவை என்று எதையெல்லாம் கேட்கிறோமோ, போட்டவர் யார், கடன்பட்டவர் யார், வீதம் என்ன, தவணை எப்போது, வரவு எதற்கு, அத்தனையும் ஒரே பத்தியில் இருக்கிறது. மழுப்பல் கிடையாது.

விளக்குக் கணக்கு இன்னும் அழகு. ஒரு விளக்கு எரிய 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. இடையரிடம் மந்தையை விட்டுவிட வேண்டியது. அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டியது. குட்டி போடும், கிழடு சாகும், ஆனால் மந்தை 96க்குக் குறையக் கூடாது. சோழர் காலக் கல்வெட்டுகள் இதைச் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. முதலில் கைவைக்காமல் வரவை மட்டும் எடுத்துச் செலவு செய்வது என்ற சங்கதியை நூறு பக்கத்தில் விளக்கும் புத்தகங்கள் உண்டு. அந்தக் கல்தச்சருக்கு மூன்று சொல் போதுமாக இருந்தது.

இங்கே ஒரு வசவு. ராஜராஜன் ஒரு காசைக் கூட்டுவட்டிக்குப் போட்டிருந்தால் இன்று எத்தனை லட்சம் கோடி என்று கணக்குப் போட்டு மலைக்க வைக்கும் கட்டுரை ஒன்று எந்தப் பணப் பத்திரிகையிலும் வரக்கூடியது. கல்வெட்டு சொல்வது அதற்கு நேர்மாறு. வட்டி வருடாவருடம் கற்பூரமாக எரிந்து போனது; அதற்காகத்தான் காசையே வைத்தார்கள். வரவைத் தொடாமல் நூற்றாண்டுகள் காத்திருந்த குடும்பம் உலகில் எங்கும் இல்லை. பத்தாம் வருடம் பெண் கல்யாணத்துக்குப் பாதியை எடுத்துவிட்டால் மீதி என்ன ஆகும் என்ற கணக்குத்தான் வாசகருக்கு வேண்டியது. அதைப் போடுகிற கட்டுரை அபூர்வம்.

அச்சுக் காலத்துக்கு வந்தால் டெல்டாக்காரர்கள் இந்தத் துறையில் முன்வரிசையில் இருக்கிறார்கள். திருவையாற்றில் 1855இல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878இல் 'தி இந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1882இல் 'சுதேசமித்திரன்' தொடங்கியவர். 1897இல் லண்டன் போய், இந்தியாவின் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொன்னார். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரம் பற்றிய அவருடைய ஆங்கிலப் புத்தகம் 1903இல் வந்தது. அவர் கவலை தேசத்தின் பணம் எங்கே போகிறது என்பது. வீட்டுப் பணம் எங்கே போகிறது என்று எழுத அப்போது தமிழில் ஆள் இல்லை. 1906 அக்டோபரில் சென்னை அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து, சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அந்தத் தேவை எல்லோருக்கும் உறைத்தது. பணம் இழந்தவர்கள் பக்கம் நின்று, மறு ஆண்டு இந்தியன் வங்கி உருவாக முன்நின்ற வி. கிருஷ்ணசாமி ஐயர் திருவிடைமருதூர்க்காரர். கும்பகோணத்திலேயே 1904இல் தொடங்கிய கும்பகோணம் வங்கி, இன்று சிட்டி யூனியன் வங்கி என்ற பெயரில் அதே ஊரைத் தலைமையிடமாக வைத்து நடக்கிறது. கவிழ்ந்த கம்பெனியைப் பற்றி வாசிக்கக் கிடைப்பது ஏராளம். கவிழாத வங்கியைப் பற்றி ஆண்டறிக்கை தவிர என்ன கிடைக்கிறது? விபத்து நடந்தால் மட்டும் பணத்தைப் பற்றிப் பரபரப்பாக எழுதுவது நமக்கு அன்றே வந்த பழக்கம்.

வீட்டுப் பணத்தைக் கூச்சமில்லாமல் எழுதியவர் என்று நான் சொல்வது உ.வே. சாமிநாதையரை. உத்தமதானபுரத்துக்காரர். 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. சுவடி தேடிய கதையாகவே அதை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது சம்பளம் ஐம்பது ரூபாய் என்று அவர் எழுதுகிற இடத்தில், அதுவரை குடும்பம் பட்ட பாட்டை வாசித்து வந்தவருக்கு அந்த ஐம்பதின் கனம் தெரியும். 'ஓரளவு நல்ல சம்பளம்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே செத்திருக்கும். இன்றைய தமிழ்க் கட்டுரையாளர்களுக்குத் தொகை எழுத வெட்கம். தன் சம்பளம், தன் வீட்டுக் கடன், தான் விட்ட பணம் எதற்கும் எண் கிடையாது. 'கணிசமான', 'பெரும் தொகை', 'குறிப்பிட்ட அளவு' என்று எழுதிவிட்டு வாசகர் அக்கறை காட்டவில்லை என்று குறைப்படுகிறார்கள்.

அந்தத் தொடரை வெளியிட்ட விகடனை 1928இல் வாங்கி வளர்த்த எஸ்.எஸ். வாசனும் இந்தப் பக்கம்தான், திருத்துறைப்பூண்டி. அதே குழுமம் 2005இல் 'நாணயம் விகடன்' கொண்டுவந்தது. தமிழில் தனிநபர் நிதிக்கென்று பெரிய நிறுவனம் ஒன்று பத்திரிகை நடத்தியது பெரிய காரியம். அதில் வந்த 'ஷேர்லக்' பகுதி ஒரு நல்ல உத்தி: கற்பனை மனிதர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து அந்த வாரச் சந்தையைப் பேசிவிட்டுப் போவார். நிருபர் கேட்பார், அவர் சொல்வார். திண்ணைப் பேச்சின் வடிவம், அதனால் வறண்ட தகவலும் தொண்டையில் சிக்காமல் இறங்கியது. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' வரிசை பங்குச் சந்தையை அரிச்சுவடியிலிருந்து பேச்சுத் தமிழின் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது. பலர் முதல் டிமேட் கணக்கைத் திறந்தது அதைப் படித்த பிறகுதான். பெஞ்சமின் கிரஹாம் 1949இல் 'மிஸ்டர் மார்க்கெட்' என்ற பித்துக்குளிக் கூட்டாளியைப் படைத்ததும், வாரன் பஃபெட் தன் ஆண்டுக் கடிதத்தைத் தன் அக்கா தங்கைக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதியதும் இதே வகை. எதிரில் ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டால் வாக்கியம் தானாக நேராகிறது.

யாரை உட்கார வைக்கிறோம் என்பதில்தான் டெல்டா விடுபட்டுப் போனது. இந்த எழுத்துகளின் வாசகருக்கு மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது. அவர் சென்னையிலோ கோவையிலோ இருக்கிறார். 'மாதம் ஐயாயிரம் எஸ்ஐபி போடுங்கள்' என்பது அவருக்குப் பொருந்தும். ஒரத்தநாட்டில் மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு மாதமே கிடையாது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்தால் குறுவை, அந்தப் பணம் புரட்டாசி ஐப்பசியில். சம்பா அல்லது தாளடிப் பணம் தை மாசியில். 2024இல் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28ஆம் தேதிதான் அணையைத் திறந்தார்கள்; பலருக்கு அந்த வருடத்தின் ஒரு வரவே இல்லாமல் போனது. இவரிடம் மாதத் தவணை பற்றி எழுதுவது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்து வாசித்துக் காட்டுவது. மொத்தமாக வரும் பணத்தை முதலில் லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து மாதாமாதம் கொஞ்சமாக மாற்றலாம். அடுத்த சாகுபடிக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒதுக்கிய பிறகே அந்தப் பேச்சு. இது இருக்கிற வசதிதான். தஞ்சை மாவட்டத்துக் காலண்டரை வைத்து இதை விளக்கிய ஒரு கட்டுரையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அளவை விஷயத்துக்கு வருவோம். 2025-26 பருவத்தில் மத்திய அரசின் ஆதரவு விலையோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து சாதா ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் தராசில் ஏறுவது 40 கிலோ சிப்பம். ஆக ஒரு சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வசதி எப்போதும் வாய்க்காது. ஒருவர் ஒரு ஏக்கர் நடவு, உரம், அறுவடை மிஷினுக்கு என்று 35,000 ரூபாய் புரட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து மாதத்துக்கு மூணு வட்டி என்றால் 5,250 ரூபாய்: ஐந்தேகால் சிப்பம். அதே தொகையை ஆண்டுக்கு 9 சதவீத நகைக்கடனாக வாங்கினால் 1,312 ரூபாய்: ஒரு சிப்பமும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனாகக் கிடைத்து, தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை: சிப்பம் எல்லாம் வீட்டுக்கு. '36 சதவீதம்', '9 சதவீதம்' என்று எழுதினால் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறவர், 'நாலு சிப்பத்தை வட்டிக்கடையில் அளந்துவிட்டு வந்தீர்கள்' என்றால் நிமிர்ந்து உட்காருவார். எண் ஒன்றுதான், அளவை மாறியிருக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று களத்திலேயே நெல் நாலு நாள் காய்ந்தால் அந்த நாலு நாளுக்கும் மூணு வட்டி ஓடுகிறது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். மூட்டைக்கு இவ்வளவு மாமூல் என்று விவசாயச் சங்கங்கள் வருடந்தோறும் சொல்லும் புகாரையும் சேர்க்கலாம்.

காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' இந்த வித்தையைப் பழங்காலத்திலேயே செய்தது. தஞ்சை சரசுவதி மகால் பதிப்பித்திருக்கும் அந்த நூலில் பொன், நெல், நிலம் அளக்கும் வாய்பாடுகளோடு, பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணும் வழியும் இருக்கிறது. காம்பைச் சுற்றிய முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். விடை சரியா என்று பலாப்பழக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் கணக்கு பிடிக்காத பையனும் அடுத்த பழத்தை விடமாட்டான்.

இப்போது அந்த நோட்டீஸ். பச்சைத் தாள், மேலே லட்சுமி படம், கீழே இரண்டு செல்பேசி எண். நடுவில் ஒரு கட்டம்: ஒரு லட்சம் கட்டினால் மாதம் இத்தனை ஆயிரம், இத்தனை மாதம், கடைசியில் முதலும் உண்டு. ஆண்டு வட்டி என்ற சொல்லே இல்லை. மாதக் கணக்கு, வாசிப்பவரின் கணக்கு. கூடவே ஒரு பெயர்: உங்கள் தெருவிலேயே யார் வாங்கினார் என்று. 2012இல் முதலீடு திரட்டிய ஈரோடு மாவட்டத்து ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்ததும், 2022இல் மாதம் முப்பது சதவீதம் வரை தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய நகை நிறுவனத்தின் மீது வழக்குப் பாய்ந்ததும் நமக்குத் தெரியும். 2021இல் கும்பகோணத்திலேயே, பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றியதாக இரு சகோதரர்கள் மீது புகார் எழுந்து கைது நடந்தது. சொந்தமாக வைத்திருந்த ஹெலிகாப்டரை வைத்துத்தான் ஊர் அவர்களை அடையாளம் சொன்னது. 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவு இருக்கிறது, இருந்தும் அடுத்த நோட்டீஸ் அச்சாகிறது. எழுத்துத் தொழில் என்று பார்த்தால் அந்த நோட்டீஸ் எழுதியவன் கெட்டிக்காரன். அளவை சரி, தவணை சரி, பக்கத்து வீட்டு உதாரணம் சரி. ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டான்: இந்தப் பணம் எங்கிருந்து வரும், வராவிட்டால் என்ன. நேர்மையான தரப்பு அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டது. 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை' என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கப்படுவது அதுதான்.

நஷ்டத்தை எழுதுவது எப்படி என்பதற்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் போக வேண்டும். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் வைத்த பிள்ளை கைவிடாது என்பார்கள். வைத்த பிள்ளை தென்னம்பிள்ளை. நீண்டகால முதலீட்டுக்கு ஆதரவாகத் தமிழில் இதைவிடக் கூர்மையான வாக்கியம் எனக்குத் தெரியாது. நெட்டை ரகம் வைத்தால் காய்க்க ஆறேழு வருடம். பிறகு தலைமுறைக்கும் வரவு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் அந்த வாக்கியத்தை நம்பித் தோப்புத் தோப்பாக வைத்தார்கள், வீண்போகவும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது மரங்கள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500. முப்பது வருடம் காய்த்திருக்க வேண்டிய மரத்துக்கு மொத்தம் 1,100. எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதே என்று எந்தக் கட்டுரையும் சொல்லும். அந்தத் தோப்புகளில் ஒன்றின் கணக்கை, வைத்த செலவு, காய்ப்பு வருடங்கள், விழுந்த மரம், மறுபடி வைத்தது என்று கடைசி ரூபாய் வரை எழுதினால் அந்த அறிவுரையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, அந்தப் பழமொழி பொய்யுமல்ல. கன்றை மறுபடியும் வைத்தவர்கள் பலர். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கிற துணிவு எழுதுகிறவருக்கு வேண்டும்.

பங்குச் சந்தைக்கும் இதே முறை பொருந்தும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். லட்சம் கோடி யாருக்கும் உறைக்காது. ஒரு கல்லூரி விடுதியில் நூறு பையன்கள் இதில் இறங்கினால் 93 பேர் அப்பாவுக்கு ஃபோன் போடுவார்கள் என்று எழுதினால் உறைக்கும்.

விடுபட்டவர்கள் இன்னும் உண்டு. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைக் குடும்பங்களுக்கு வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தும் பணம் வருகிறது. வட்டி வேண்டாம் என்று இருப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்களுக்கு ஃபிக்சட் டெபாசிட் ஒப்பீடு பயன்படாது. நிலம், தங்கம், வட்டித் தொழில் இல்லாத நிறுவனப் பங்குகள், இவற்றை ஒப்பிட்டு எழுத வேண்டும். குத்தகைச் சாகுபடிக்காரர், பெயரில் பட்டா இல்லாதவர், எந்த முதலீட்டுக் கட்டுரையிலும் வருவதே இல்லை.

குழுக் கடன் வாங்கும் பெண்களுக்கும் இதே நிலைமை. சிறு கடன்களும் வண்டிக் கடன்களும் பெரும்பாலும் 'ஃபிளாட்' வட்டி என்றே வாயால் சொல்லப்படுகின்றன. 24,000 ரூபாய், 12 சதவீதம், பன்னிரண்டு தவணை என்றால் மாதம் 2,240. ஒரு வட்டிதானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் முதலில் 2,000 திரும்பிப் போகிறது. வருடம் முழுக்கக் கையில் இருந்த கடன் சராசரியாக 13,000தான். கட்டிய வட்டி 2,880. அப்படிப் பார்த்தால் வீதம் 22 சதவீதத்துக்கு மேல், ஏறத்தாழ இரண்டு வட்டி. இதை மறைக்கக் கூடாது என்றுதான் ரிசர்வ் வங்கி, 2024 அக்டோபர் முதல் புதிதாக வழங்கும் சில்லறைத் தவணைக் கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வீதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. டெல்டாவில் எந்தப் பத்திரிகையைவிடவும் அதிக வீடுகளுக்குள் போகும் பண எழுத்து இனி அந்தத் தாள்தான். அதன் தமிழ் வடிவத்தில் 'வருடாந்திர சதவீத விகிதம்' என்ற பெட்டிக்குள் ஓர் எண் இருக்கும், கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு. 'நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய்' என்று இன்னொரு பெட்டி சேர்க்க அச்சுச் செலவு ஒன்றும் ஆகாது.